பலகை பார்த்தியா?

ஆகஸ்ட் 12

தேதிக்காரரே, இன்றைக்கு மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஈரக் கையோடு ஓடினேன். ஆபரேஷன் துணியில் கறை போகவில்லை, திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரோ வெளிநோயாளிகள் ஹாலுக்குக் கூட்டிப்போய் உங்கள் கரும்பலகை முன்னால் நிறுத்தினார். மேலே தேதி. அதன் கீழே இன்று வந்திருக்கிற டாக்டர்கள். அதற்கும் கீழே “இதே நாளில்” என்று நீங்கள் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய தலைப்பு மட்டும் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே பத்து மாதமாக ஒன்றும் இல்லை.

“பழைய ஆளுங்க வந்து கேக்கறாங்க. அவர் எழுதி வச்ச நோட்டு வீட்ல இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்ப தினமும் அதைப் பாத்து நீயே ஒரு வரி எழுதிடேன்.”

“நான் அஞ்சாவதும்மா.”

“அஞ்சாவதுல தேதி சொல்லிக் குடுத்தாங்கல்ல?”

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். லாண்டரிக்குத் திரும்பி வந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது. கை பழக வேண்டும் என்றுதான் இந்த டைரியை எடுத்தேன். மருந்துக் கம்பெனிக்காரர் உங்களுக்குக் கொடுத்தது, அலமாரியில் சும்மா கிடந்தது. எழுத வேண்டும் என்றால் யாருக்கு எழுத? உங்களை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

ஆகஸ்ட் 13

ஹாலில் எல்லாரும் உங்களைத் தேதி அண்ணே, தேதி அண்ணே என்பார்கள். நான் மனசுக்குள் தேதிக்காரர் என்பேன். வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னங்க, இந்தாங்க, அதோடு சரி.

உங்கள் நோட்டை இறக்கித் தூசு தட்டினேன். தேதிக்கு ஒரு பக்கம், முந்நூற்று அறுபத்தாறு பக்கம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிப்ரவரி 29-க்குக்கூட முழுப் பக்கம். “வர்றப்ப வரட்டும், அதுக்கும் ஒரு பாய் விரிச்சு வைக்கணும்ல” என்பீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் தேதியில் உலகத்தில் நடந்ததெல்லாம். சிலது நீல மை, சிலது சிவப்பு மை. பலகையில் எழுதி முடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக்கும் அந்த வருஷமும். அடியில் எல்லாப் பக்கத்திலும் நாலைந்து வரி வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். எதற்கு என்று தெரியவில்லை.

அக்டோபர் 9-ஐ மட்டும் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்து ஊக்கு குத்திவிட்டேன். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17

எழுதினேன். ஸ்டூல் மேல் ஏறி, நாலு வார்த்தை. வரி மலை ஏறுகிற மாதிரி மேலே போய்விட்டது. டோக்கன் கொடுக்கிற பெண் சொன்னாள்: “பரவால்ல அக்கா, தலையைக் கொஞ்சம் சாச்சுக்கிட்டா நேராத்தான் தெரியுது.”

ஆகஸ்ட் 21

இன்றைய வரி: 1911-ஆம் வருஷம் பெரிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து சிரிக்கிற பெண்ணின் படம் ஒன்று திருட்டுப் போனது. திரும்பிக் கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நீங்கள் கீழே எழுதியிருக்கிறீர்கள் — படம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நின்றதாம்.

இது எனக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், உங்களிடம் சொல்ல முடியாமல் போனது. பதினொரு வருஷம் அந்தப் பலகையில் எழுதினீர்கள். நான் ஒரு நாள்கூட அதைப் படித்ததில்லை. லாண்டரிக்காரர்கள் பின் கேட் வழியாக வந்து பின் கேட் வழியாகப் போகிறவர்கள். ஆனால் அது காரணம் இல்லை. வேண்டும் என்றால் வந்திருக்கலாம், நூறு அடிகூட இல்லை. அத்தனை பேர் நடுவில் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கம். வாய் முணுமுணுக்கும் எனக்கு. நர்ஸ் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்.

சாயங்காலம் நீங்கள் கேட்பீர்கள், “பலகை பார்த்தியா?”

“பார்த்தேன்” என்பேன்.

தினமும் கேட்டீர்கள். தினமும் சொன்னேன்.

“பார்த்தேல்ல? சுவரைப் பாக்கக் கூட்டமாம்! சுவத்தைப் போய்!” என்று ஆரம்பித்து டீ ஆறிப்போகிற வரைக்கும் முழுக்கதையும் சொல்லுவீர்கள். நானும் தெரிந்தவள் மாதிரி ஆமா ஆமா என்பேன்.

உங்கள் நாற்காலியை எடுத்துவிடு, பார்க்கப் பார்க்க மனசு கெடும் என்கிறாள் மகள். நான் எடுக்கவில்லை. எனக்கும் சுவர் பார்க்கிற வேலைதான்.

ஆகஸ்ட் 24

போர்வை நூற்றிருபது. வெயில் இல்லை. ஒன்றும் காயவில்லை.

ஆகஸ்ட் 26

இதுவரை எந்த வரி சின்னதோ அதைத்தான் பலகையில் எழுதினேன். இன்று டோக்கன் பெண்ணே கிண்டல் செய்தாள், “என்னக்கா, தந்தி மாதிரி எழுதறீங்க?” என்று. நாளைக்குப் பெரிய வரியாக எழுத வேண்டும். நாளைய பக்கத்தில் மேலேயே சிவப்பில் ஒன்று இருக்கிறது. காலண்டரில் விசேஷ நாளைத்தானே சிவப்பில் போடுவார்கள்? நீங்களும் அதற்காகத்தான் சிவப்பில் எழுதியிருப்பீர்கள். இத்தனை நாளாகச் சிவப்பை விட்டுவிட்டேனே.

ஆகஸ்ட் 27

தப்பு செய்துவிட்டேன்.

1883, கடல் நடுவில் எரிமலை வெடித்தது, அலை எழும்பி முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் — இதை எழுதினேன். அழகாக எழுதினேன். வரிகூடக் கோணவில்லை. கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன், முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். என் மகள் வயசு.

“எங்கப்பாவை இப்பத்தான் உள்ள கொண்டு போனாங்க” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “இங்க உக்காந்து இதையேதான் பாத்துக்கிட்டிருக்கணும். இத ஏம்மா எழுதினீங்க?”

டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே அழித்தேன். அழித்தும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது அந்த முப்பத்தாறு.

மேட்ரன் அம்மா வந்து பார்த்துவிட்டு, “கொஞ்ச நாள் பலகை வேண்டாம், போ” என்றார்.

எனக்கெதுக்குங்க இந்த வேலை? அழுக்குத் துணி துவைக்கிறவ துவைச்சுட்டுப் போக வேண்டியதுதானே. எழுத வந்துட்டா பெருசா.

ஆகஸ்ட் 28

இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 30

என்னோடு லாண்டரியில் வேலை பார்க்கிறவளை உங்களுக்குத் தெரியுமே, வெண்கலம். அவள் குரலுக்கு நீங்கள்தான் அந்தப் பெயர் வைத்தீர்கள். இன்று பெட்ஷீட் மடிக்கும்போது அவள் அந்தப் பக்க முனை, நான் இந்தப் பக்க முனை. உதறி, இழுத்து, கிட்டே வந்து, முனையோடு முனை சேர்க்கிற நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“ஏண்டி, பலகையில ஒரு வரி தப்பா எழுதினதுக்கா இந்த மூஞ்சி? நான் போன மாசம் டாக்டரம்மா கோட்டை ஊதாவாக்கிட்டேன். ஊரைவிட்டா ஓடிட்டேன்?”

சிரித்துவிட்டேன். அவள் சத்தத்துக்குப் பயந்து மாடியில் புறா எல்லாம் பறந்தது.

வீட்டில் போர்வை மடிக்கும்போதுதான் உங்கள் நினைப்பு. ஒரு முனையைத் தாடையில் கவ்விக்கொண்டு ஒருத்தியாக மடிக்கிறேன். கோணலாகத்தான் வருகிறது.

செப்டம்பர் 4

வேலை முடிந்து வந்ததிலிருந்து, ஊக்கு குத்தினதை மட்டும் விட்டு, உங்கள் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து. சிவப்பு மட்டும். கப்பல் மூழ்கினது. யுத்தம் தொடங்கினது. சுரங்கம் இடிந்தது. காய்ச்சல் பரவினது. யாரோ யாரையோ சுட்டது. ஒரு சிவப்பு வரிக்குக்கூட டிக் இல்லை. ஒன்றுக்குக்கூட இல்லை! டிக் எல்லாம் நீலத்துக்குத்தான்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டாமா? எங்கள் லாண்டரியிலேயே ரத்தக்கறைத் துணி சிவப்புப் பையில்தானே வருகிறது. அதைத் தனியாகப் பிரித்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மற்றதோடு சேர்க்காமல் — இருபது வருஷமாகச் செய்கிறேன். வேலையை விட்டு வெளியே வந்ததும் மூளையைப் பின் கேட்டிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன் போல.

செப்டம்பர் 5

மேட்ரன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன், சிவப்பு எது நீலம் எது என்று. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அவருக்கு மட்டும் முதல்லேயே தெரிஞ்சிருந்துச்சா? எழுத ஆரம்பிச்ச முதல் வாரமே கப்பல் மூழ்கினதை எழுதிட்டார். ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா அதைப் படிச்சுட்டு எந்திரிச்சு வீட்டுக்கே போயிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பின்னாடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தார். மறுநாள் சிவப்புப் பேனா வாங்கிட்டார். காத்துக்கிட்டிருக்கிறவங்க கண்ணுல சாவு படக் கூடாதுன்னு.”

பிறகு, “ரெண்டு பேரும் ஒரே தப்பு. நாளையிலிருந்து எழுது” என்றார்.

நீங்கள் இதை என்னிடம் சொல்லவே இல்லையே. எனக்கும் தெரியாத கதை ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 12

இன்றைய பக்கத்தைத் திருப்பினால், அடியில் வெறுமையாக விட்ட வரியில் பென்சிலால் — “நாலு நாள் கழித்து இவள் பேசினாள்.” ஆறு வருஷத்துக்கு முந்தைய வருஷம் போட்டிருக்கிறது.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. சமையலறை அலமாரியில் நான் விரித்திருந்த பேப்பரில் ஏதோ ஒரு செய்தி கிடைத்துவிட்டது என்று, டப்பாக்களைத் தள்ளிவிட்டு நட்ட நடுவில் சதுரமாகக் கத்தரித்து எடுத்துவிட்டீர்கள். அந்த ஓட்டை வழியாகப் பருப்பெல்லாம் அலமாரி இடுக்கில் போய்விட்டது. நாலு நாள் பேசவில்லை. பேசின முதல் பேச்சு, “கத்தரியை எங்க வச்சீங்க?” என்பதுதான். அதைப் போய் உலக நிகழ்ச்சியில் சேர்த்திருக்கிறீர்கள்!

வெற்று வரி எதற்கு என்று இப்போது தெரிந்தது. புதிதாக ஏதாவது நடந்தால் எழுத. நம் வீட்டில் நடந்தாலும்.

செப்டம்பர் 23

1846, ஒருவர் கணக்குப் போட்டு, இன்ன இடத்தில் ஒரு கோள் இருக்கும் என்றார். வானத்தில் பார்த்தால் அது அங்கேயே இருந்தது. என் மூக்குக் கண்ணாடி நான் வைத்த இடத்தில்கூட இருப்பதில்லை.

செப்டம்பர் 28

1928, விடுமுறை போய் வந்த ஒரு டாக்டர், கழுவாமல் கிடந்த தட்டில் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்தார். அதிலிருந்துதான் பென்சிலின் வந்தது. இதை வெண்கலத்திடம் சொன்னதும், “கழுவாம விட்டவருக்கு உலகமே கும்பிடு போடுது. நாம கழுவிக் கழுவிக் கை தேஞ்சு போச்சு” என்றாள்.

பலகையில் எழுதி முடித்துத் திரும்பினால், அந்தப் பெண். முப்பத்தாறாயிரத்துப் பெண். அவளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் அப்பா, தையல் பார்க்க வந்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு, “தட்டு கழுவாத டாக்டரா? நம்ம வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்திருக்கலாம்” என்றார். அந்தப் பெண் சிரித்தாள். போகும்போது என் கையைத் தொட்டு, “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள்.

நீ கேட்டதுதான் சரி என்றேன்.

அக்டோபர் 2

மகள் போன். “ஒம்பதாம் தேதி நீ அங்க இருக்கக் கூடாதும்மா. எட்டாம் தேதியே இங்க வந்துடு. நான் லீவு போட்டுட்டேன்.” சரி என்றேன். போனை வைத்த பிறகு யோசித்தேன் — ஒன்பதாம் தேதி பலகை? ஒரு நாள் வெறுமையாக இருந்தால் என்ன? ஒன்றும் இல்லைதான்.

மேட்ரன் அம்மாவும் அதையேதான் சொல்கிறார், ஒரு நாள் விட்டுவிடு என்று.

நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன்.

அக்டோபர் 5

இன்றைய பக்கம் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது.

1582-ஆம் வருஷம் சில நாடுகளில் அக்டோபர் 4-ஆம் தேதி படுத்தவர்கள் மறுநாள் எழுந்தபோது அது 15-ஆம் தேதி. நாட்காட்டியில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த பிழையைச் சரிசெய்ய, நடுவில் பத்து நாளை எடுத்துவிட்டார்களாம்.

பலகையில் எழுதினேன். ஹாலே பேச ஆரம்பித்துவிட்டது. “அந்தப் பத்து நாள்ல பொறந்த நாள் வர்றவங்க என்ன பண்ணுவாங்க?” என்று ஒருவர். “ஒரு வயசு மிச்சம்னு கம்முனு இருந்திருப்பாங்க” என்றாள் டோக்கன் பெண். லாண்டரியில் வெண்கலம், “பத்து நாள் அழுக்குத் துணி எங்கடி போச்சு?” என்றாள்.

நானும் எல்லாரோடும் சிரித்தேன். பிறகு துணி அலசும்போது விரலை மடக்கி எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது.

ஒன்பது இல்லை. அந்த வருஷம் அவர்களுக்கு ஒன்பது என்று ஒரு நாளே வரவில்லை. அன்றைக்கு யார் வீட்டிலும் யாரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போகவில்லை. எந்த வீட்டு டீ டம்ளரும் கீழே விழவில்லை.

எங்களுக்கு மட்டும் ஏங்க விட்டு வச்சாங்க அந்த நாளை? அதையும் சேத்து எடுத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு நாள். யாருக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?

அக்டோபர் 6

நேற்று எழுதினதைத் திரும்பப் படித்தேன். எட்டாம் தேதி படுத்துப் பத்தாம் தேதி எழுந்தாலும் நீங்கள் இருக்கப்போவதில்லை. தேதியை எடுக்கலாம். நடந்ததை எங்கே எடுப்பது.

அக்டோபர் 8

மகளிடம் சொல்லிவிட்டேன், நாளை மறுநாள் வருகிறேன் என்று.

“ஏம்மா? அங்க என்ன இருக்கு?”

“ஒரு வரி எழுதணும்.”

அப்புறம், “ஸ்டூல் ஆடுதுன்னு அப்பா சொல்லுவார், பாத்து ஏறு” என்றாள்.

மகளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி நாள் நீங்கள் பலகையில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. காலையில் எழுதியிருப்பீர்கள். மத்தியானம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனீர்கள். ஐந்து மணிக்கு நான் வந்தபோது... மறுநாள் யாரோ பலகையை அழித்துத் தேதியை மாற்றிவிட்டார்கள். நீங்கள் எழுதின கடைசி வரி அது. அது அந்தப் பக்கத்தில், ஊக்குக்குள் இருக்கிறது. உங்கள் டிக்கோடு. ஓடி ஓடி அதிலிருந்தேதான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 9

முன் கேட் வழியாகப் போனேன். இருபது வருஷத்தில் வேலைக்கு அந்த வழியாக நான் போனது இதுதான் முதல். வாட்ச்மேன், “வழி மாறிட்டீங்களா அக்கா?” என்றார்.

ஹாலில் இன்னும் கூட்டம் சேரவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் நோட்டை மடியில் வைத்து ஊக்கைக் கழற்றினேன். இரண்டு மாதத்தில் துருப்பிடித்துத் தாளில் கறை விழுந்துவிட்டது. துருக்கறை போகாது, எனக்குத் தெரியும்.

சிவப்பில் ஒன்று: 1963, அணைக்குள் மலை சரிந்து விழுந்தது. தண்ணீர் எழும்பி ஊர்கள் போயின.

நீலத்தில் இரண்டு. 1874, இருபத்திரண்டு நாடுகள் கூடி உட்கார்ந்து, ஒரு நாட்டுக் கடிதம் இன்னொரு நாட்டுக்குத் தடையில்லாமல் போய்ச் சேர ஒப்பந்தம் போட்டார்கள். இன்னொன்று — அதை மூன்று தடவை படித்தேன் — ஒரு ராஜா, படிக்காத சனங்களும் எளிதாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று தன் மக்களுக்காகப் புது எழுத்து உண்டாக்கினார். அந்த எழுத்தைக் கொண்டாடுகிற நாள் இது.

போன வருஷத்து டிக் அதற்குத்தான்.

ஸ்டூல் ஆடத்தான் செய்தது. ஏறினேன். அதே வரியை எழுதினேன். இறங்கி, சாக்பீஸை வைத்துவிட்டு, திரும்பவும் பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்தேன். எழுத்துக் கூட்டி. வாய் முணுமுணுத்துக்கொண்டு. கூட்டம் வந்துவிட்டது, நர்ஸ் பிள்ளைகள் போனார்கள் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, “என்னம்மா போட்டிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். ராஜா கதையை முழுக்கச் சொன்னேன். அவர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள், “இரு இரு, முடிச்சுட்டுப் போறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தின் அடியில், நீங்கள் விட்டிருந்த வரியில், உங்கள் சிவப்புப் பேனாவாலேயே எழுதினேன். என் கணவர் இறந்தார். வருஷமும் போட்டேன். அது பலகைக்கு இல்லை. உங்கள் சட்டப்படி அது சிவப்புதான். அதன் கீழே இன்னும் இரண்டு வரி இடம் இருந்தது. நீலத்தை எடுத்து எழுதினேன்: இவள் பலகை பார்த்தாள்.

நாளைக்குக் காலை பலகை எழுதிவிட்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். இரண்டு நாளுக்கு டோக்கன் பெண் எழுதுவாள், நீலத்தை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் இந்த நாள் சாயங்காலம் மட்டும் நீங்கள் கேட்கவில்லை. பேசாமல் இருந்த அந்த நாலு நாளை விட்டால், பதினொரு வருஷத்தில் நான் பொய் சொல்லாத ஒரே நாள் அதுதான். இன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால், நெஞ்சைத் தொட்டு, “பார்த்தேன்” என்று சொல்லியிருப்பேன்.

டீ போட்டேன். உங்கள் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் டீ அதுவாகவே ஆறியது. அப்போதுதான் தோன்றியது. பார்த்தேன் என்று சொன்னவளிடம் எதற்கு முழுக்கதையும் திரும்பச் சொல்ல வேண்டும்? ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை.

என்னங்க, தெரிஞ்சுதான் சொன்னீங்களா?